விட்டு விட்டு வரும் மாட்டுக் காய்ச்சல்: ஊசிக்கு முன் ஒரு சொட்டு ரத்தம்

கறவை மாடு காலையில் தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. பால் பாதியாகக் குறைந்துவிட்டது. காதைத் தொட்டால் சுடுகிறது. ஊசி போட்டதும் மறுநாள் அசைபோட ஆரம்பிக்கிறது. நீங்களும் நிம்மதி அடைகிறீர்கள். பத்து, பதினைந்து நாள் கழித்து அதே காய்ச்சல். மறுபடியும் ஊசி, மறுபடியும் இரண்டு நாள் நிம்மதி. மூன்றாவது முறை காய்ச்சல் வரும்போது மாடு எலும்பும் தோலுமாக நிற்கிறது. சினை மாடாக இருந்தால் கன்று கலைந்துபோகவும் கூடும்.

கலப்பினப் பசு வளர்க்கும் பல வீடுகளுக்கு இந்த வரிசை புதிதல்ல. ஒவ்வொரு முறையும் மருந்துச் செலவு, பால் இழப்பு, கடைசியில் மாட்டையே அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும் நிலை. காய்ச்சல் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்ற கேள்விக்கு முதல் காய்ச்சலின்போதே பதில் தேடியிருந்தால், பெரும்பாலான மாடுகளைக் காப்பாற்றியிருக்கலாம். அந்தப் பதிலைத் தேடும் வேலையில் கால்நடை மருத்துவருக்கும் ஆய்வகத்துக்கும் எவ்வளவு பங்கு உண்டோ, மாட்டுக்காரரான உங்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

காய்ச்சல் ஓர் அறிகுறி

நெற்பயிர் மஞ்சளானால் என்ன செய்கிறோம்? தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, வேரில் அழுகலா, துங்ரோ நோயா என்று பார்க்கிறோம். எல்லா மஞ்சளுக்கும் யூரியாவைத் தூவினால் இரண்டு நாள் பச்சை காட்டும்; நோய் உள்ளேயே இருக்கும். மாட்டுக் காய்ச்சலும் அப்படித்தான். உடல் சூடு என்பது உள்ளே ஏதோ நடக்கிறது என்பதற்கான அடையாளம் மட்டுமே. காய்ச்சல் குறைக்கும் ஊசி சூட்டை இறக்கும். ரத்தத்துக்குள் பெருகிக்கொண்டிருக்கும் கிருமியை அது தொடாது.

மாட்டின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. வெயில் தணிந்த காலை நேரத்தில் 103-ஐத் தாண்டினால் அது காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உண்ணி பரப்பும் நோய்களில் 104 முதல் 107 டிகிரி வரை ஏறுவது உண்டு.

உண்ணி கொண்டுவரும் மூன்று நோய்கள்

நம் மாடுகளில் உண்ணி மூலம் வரும் முக்கியக் காய்ச்சல்கள் மூன்று. மூன்றுக்கும் கிருமி வேறு, மருந்தும் வேறு. குழப்பம் தொடங்குவதே இங்கேதான்.

முதலாவது தைலேரியா. ஹயலோமா என்ற வகை உண்ணி இதைப் பரப்புகிறது. கால்களில் வெள்ளை வளையங்கள் போன்ற கோடுகள் தெரியும் பெரிய உண்ணி இது. இதன் கிருமி முதலில் நிணநீர்ச் சுரப்பிகளில் உள்ள வெள்ளை அணுக்களைப் பிடித்துப் பெருகும். பிறகுதான் சிவப்பு அணுக்களுக்குப் போகும். அதனால் தோளுக்கு முன்புறம், காதுக்குக் கீழே, தொடைக்கு முன்புறம் நெறி கட்டும். தோள் நெறி கையில் பிடிபடும் அளவுக்குத் தெளிவாக வீங்கும். கடும் காய்ச்சல், கண்ணில் நீர் வடிதல், மூச்சிரைப்பு, இருமல், பிறகு ரத்தசோகை என்று நோய் முற்றும். கலப்பின மாடுகளையும் கன்றுகளையும் அதிகம் கொல்வது இதுதான்.

இரண்டாவது பபேசியா. ரிபிசெபாலஸ் மைக்ரோபிளஸ் என்ற சிறிய உண்ணி பரப்புகிறது. பசுவின் அலைதாடி, மடி, தொடை இடுக்கு, வாலடி ஆகிய இடங்களில் அப்பிக் கிடக்கும் சாதாரண மாட்டு உண்ணி இதுதான். கிருமி சிவப்பு அணுக்களை உடைப்பதால் சிறுநீர் சிவப்பாகவோ காப்பித் தண்ணீர் நிறத்திலோ போகும். நோய் வேகமாக முற்றும்.

மூன்றாவது அனபிளாஸ்மா. இதிலும் சிவப்பு அணுக்கள் அழிகின்றன. ஆனால் ரத்தக் குழாயில் உடையாமல் மண்ணீரலில் அகற்றப்படுவதால் சிறுநீர் சிவப்பாகாது. கண் இமையின் உட்புறம் முதலில் வெளிறும், பிறகு மஞ்சளாகும். சாணம் கெட்டிப்படும். வயது வந்த மாடுகளைத்தான் இது கடுமையாகத் தாக்கும். கன்றுகள் பெரும்பாலும் தாங்கிவிடும். உண்ணி மட்டுமின்றி, கடிக்கும் ஈக்களும், ஒரு மாட்டுக்குக் குத்திவிட்டு அடுத்த மாட்டுக்குக் குத்தும் ஊசியும், கொம்பு சீவும் கருவியும்கூட இதைப் பரப்பும்.

ஆரோக்கியமான மாட்டுக்குள் ஒளிந்திருக்கும் நோய்

உண்ணி நோய் பரப்புகிறது என்பது 130 ஆண்டுகளுக்கு முன் அறிவியலுக்கே புதிய செய்தி. அமெரிக்காவில் தென் மாநிலங்களிலிருந்து மாடுகளை வடக்கே ஓட்டிச் செல்வார்கள். தெற்கு மாடுகள் நல்ல உடல்நிலையில் இருக்கும். அவை கடந்துபோன மேய்ச்சல் நிலத்தில் மேய்ந்த வடக்கு மாடுகள் சில வாரங்களில் காய்ச்சல் கண்டு, சிவப்புச் சிறுநீர் போய்ச் செத்து விழும். டெக்சாஸ் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். உண்ணிதான் காரணம் என்று மாட்டுக்காரர்கள் பலர் சொன்னார்கள்; படித்தவர்கள் நம்பவில்லை.

தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் ஆகிய இருவரும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். வேலி போட்ட ஒரு நிலத்தில் உண்ணியோடு கூடிய தெற்கு மாடுகளையும் வடக்கு மாடுகளையும் சேர்த்து விட்டார்கள். இன்னொரு நிலத்தில் தெற்கு மாடுகளின் உண்ணிகளைக் கையால் பொறுக்கி எடுத்துவிட்டு வடக்கு மாடுகளோடு சேர்த்தார்கள். வேறொரு நிலத்தில் தெற்கு மாடே இல்லாமல் உண்ணியை மட்டும் புல்லில் விட்டார்கள். உண்ணி இருந்த இடங்களில் வடக்கு மாடுகளுக்குக் காய்ச்சல் வந்தது. உண்ணி நீக்கிய தெற்கு மாடுகளோடு இருந்தவை தப்பின. 1893-ல் இந்த முடிவுகள் வெளியாயின. பூச்சியினம் ஒன்று நோயைச் சுமந்து பரப்புகிறது என்பது முறையான சோதனையால் நிறுவப்பட்ட தொடக்க காலச் சான்றுகளில் இது முக்கியமானது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, நல்ல உடல்நிலையில் தெரியும் மாடும் கிருமியைச் சுமந்திருக்கலாம். நம் நாட்டு மாடுகள் உண்ணியையும் அதன் நோய்களையும் கலப்பினத்தைவிட நன்றாகத் தாங்கும். கொட்டகையில் நாட்டு மாடு நன்றாக இருக்க, பக்கத்தில் கட்டிய ஜெர்சிக் கலப்பினம் காய்ச்சலில் விழுவதற்கு இதுவும் காரணம். இரண்டாவது, காரணத்தைப் பிரித்துப் பிரித்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும். மூன்று ஊசிகளை ஒன்றாகக் குத்தினால் எது நோய் என்று கடைசிவரை தெரியாது.

காய்ச்சல் ஏன் திரும்பி வருகிறது?

மறுபடி காய்ச்சல் வந்தால், "மருந்து சரியில்லை" என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையில் அதற்குப் பல வழிகள் உண்டு.

முதல் வழி, சூடு மட்டும் இறங்கியிருப்பது. காய்ச்சல் குறைக்கும் ஊசியின் வேகம் அடங்கியதும் சூடு மறுபடி ஏறும்.

இரண்டாவது, நோய்க்குப் பொருந்தாத மருந்து. தைலேரியாவுக்குக் கொடுக்கும் புபார்வகோன் அனபிளாஸ்மாவைக் கட்டுப்படுத்தாது. பபேசியாவுக்குக் கொடுக்கும் டிமினாசின் தைலேரியாவைத் தீர்க்காது. அனபிளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் தேவை. அதை மட்டும் நம்பினால் முற்றிய தைலேரியா அடங்காது.

மூன்றாவது, ஒன்றுக்கு மேற்பட்ட கிருமி. ஒரே மாட்டில் இரண்டு வகை உண்ணியும் இருக்கலாம். ஒன்றுக்கு மருந்து கொடுத்ததும் அது அடங்கும். மற்றது தன் நேரம் வரும்போது தலைகாட்டும்.

நான்காவது, அளவு குறைவு. மாட்டின் எடையைக் கண்ணளவில் குறைத்து மதிப்பிட்டால் மருந்தும் குறையும். கிருமி முழுவதும் சாகாது.

ஐந்தாவது, கிருமியின் பதுங்கல். நோயிலிருந்து மீண்ட மாடு பல மாதங்கள், சில சமயம் ஆயுள் முழுவதும் சிறிதளவு கிருமியைச் சுமக்கிறது. அனபிளாஸ்மா தன் மேலுறைப் புரதத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், உடலின் எதிர்ப்பு ஒரு தோற்றத்தை அடையாளம் காண்பதற்குள் அடுத்த தோற்றத்தில் பெருகும். கன்று ஈனுதல், கடும் கோடை, வண்டிப் பயணம், வேறு நோய், தீவனப் பற்றாக்குறை என்று உடல் தளரும் நேரத்தில் பழைய காய்ச்சல் திரும்பும்.

ஆறாவது, புதிய தொற்று. மாட்டுக்கு மருந்து போட்டீர்கள். கொட்டகைச் சுவரின் இடுக்கில் இருக்கும் உண்ணிக்கு ஒன்றும் செய்யவில்லை. அது மறுபடி ஏறிக் கடிக்கிறது.

ஏழாவது, உண்ணிக்குச் சம்பந்தமே இல்லாத காய்ச்சல். இதைப் பின்னால் பார்ப்போம்.

நாள் கணக்கு சொல்லும் துப்பு

உண்ணி கடித்ததிலிருந்து காய்ச்சல் வரும்வரை உள்ள இடைவெளி நோய்க்கு நோய் மாறும். தைலேரியாவுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று வாரம். பபேசியாவுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம். அனபிளாஸ்மாவுக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வாரம். ஆகவே காய்ச்சல் வந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். புதிய மாடு எப்போது வந்தது? புதிய மேய்ச்சல் நிலத்துக்கு எப்போது ஓட்டினீர்கள்? வேறு ஊர் வைக்கோல் எப்போது இறங்கியது? ஊசி எப்போது போடப்பட்டது?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். சந்தையில் வாங்கிய மாட்டுக்கு 16-ஆம் நாள் 105.5 டிகிரி காய்ச்சல். தோள் நெறி கோழிமுட்டை அளவு வீங்கியிருக்கிறது. சோதனையில் தைலேரியா என்று தெரிந்து அதற்கான மருந்து கொடுக்கப்படுகிறது. மூன்று நாளில் சூடு இறங்குகிறது, நெறி சுருங்குகிறது, பால் கொஞ்சம் கூடுகிறது. 35-ஆம் நாள் மறுபடி 104 டிகிரி. "அதே காய்ச்சல் திரும்பிவிட்டது" என்று தோன்றும். ஆனால் இந்த முறை நெறி வீங்கவில்லை. சிறுநீர் நிறம் மாறவில்லை. கண் இமை மஞ்சளாக இருக்கிறது. சாணம் கெட்டியாக இருக்கிறது. நாள் கணக்கும் அறிகுறியும் அனபிளாஸ்மாவின் பக்கம் கைகாட்டுகின்றன. இரண்டு கிருமியும் ஒரே சமயத்தில் உடம்பில் ஏறியிருக்கலாம். ஒன்று முன்னே வந்தது, மற்றது பின்னே வந்தது. ரத்தத்தைப் பார்த்து உறுதிசெய்தால் மருந்தை மாற்றலாம். குறிப்பு எதுவும் இல்லையென்றால், பழைய மருந்தையே இன்னொரு முறை குத்தி, காலத்தையும் மாட்டையும் இழக்க நேரிடும்.

காய்ச்சல் குறிப்பேடு

இதற்குத் தேவை ஒரு பழைய நோட்டும், மருந்துக் கடையில் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் வெப்பமானியும்தான். மாட்டுக்கென்று தனி வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் எண்ணெய் தடவி, ஆசனவாயின் உட்சுவரைத் தொடும்படி வைத்து, ஒலி கேட்கும்வரை பிடியுங்கள். காலை ஆறு மணி, மாலை ஆறு மணி என்று நேரம் மாறாமல் பாருங்கள். வெயிலில் நின்ற மாட்டை உடனே பார்க்காதீர்கள். நிழலில் கட்டிச் சற்று நேரம் விட்டுப் பாருங்கள். கலப்பின மாட்டுக்குக் கோடை மதியத்தில் நோயில்லாமலேயே சூடு ஏறும்.

ஒவ்வொரு நாளும் எழுத வேண்டியவை: தேதி, காலை மாலை வெப்பம், பால் அளவு, தீவனம் எடுத்ததா, அசைபோட்டதா, சிறுநீர் நிறம், சாணம், கண் இமையின் நிறம், நெறி வீக்கம், உடலில் உண்ணி. எந்த ஊசி, எத்தனை மில்லி, யார் போட்டது என்பதையும் எழுதுங்கள். மருந்துப் புட்டியையோ அட்டைப் பெட்டியையோ தூக்கி எறியாதீர்கள். அடுத்த முறை வரும் மருத்துவருக்கு அது பாதி வேலையை முடித்துக்கொடுக்கும். கொட்டகைக்கு வரும் விரிவாக்கப் பணியாளர்களும் முதலில் இந்த நோட்டைக் கேட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கினால், எழுதும் பழக்கம் தானே நிலைக்கும்.

ரத்தத்தை எப்போது எடுப்பது?

மருந்து போடுவதற்கு முன், காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது. இதுதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் மறக்கக் கூடாத வரி. மருந்து போன பிறகு எடுத்த ரத்தத்தில் கிருமி குறைந்துவிடும். ஆய்வகம் "இல்லை" என்று எழுதும். நோய் உள்ளே இருக்கும்.

மருத்துவர் காது நுனியைச் சுத்தம் செய்து லேசாகக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்துக் காயவைப்பார். நெறி வீங்கியிருந்தால் அதிலிருந்து ஊசியால் சிறிது திரவம் உறிஞ்சி இன்னொரு தகட்டில் தேய்ப்பார். தைலேரியாவின் தொடக்க நிலையில் ரத்தத்தில் எதுவும் தெரியாமல் நெறித் திரவத்தில் மட்டும் கிருமி தெரிவது உண்டு. இவற்றோடு உறையாத ரத்தம் கொஞ்சம் ஒரு குழாயில் எடுத்தால் ரத்தசோகை எவ்வளவு என்று பார்க்கலாம்; தேவைப்பட்டால் பிசிஆர் சோதனையும் செய்யலாம். குழாயைக் குளிரில் வைத்து விரைவில் சேர்க்க வேண்டும். காய்ந்த தகட்டில் ஈ மொய்க்காமலும் தண்ணீர் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டின் அடையாளமும் தேதியும் எழுத மறக்காதீர்கள்.

முடிவைப் படிப்பதிலும் கவனம் தேவை. தகட்டில் கிருமி தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. எண்ணிக்கை குறைவாக இருந்தால் கண்ணுக்குத் தப்பும். அதேபோல் ஒன்றிரண்டு கிருமி தெரிந்துவிட்டாலே இன்றைய காய்ச்சலுக்கு அதுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. பழைய நோயின் மிச்சத்தைச் சுமக்கும் மாட்டில் எப்போது பார்த்தாலும் சில கிருமிகள் இருக்கலாம். பிசிஆர் மிகக் குறைந்த அளவையும் காட்டிவிடும். ஆகவே எத்தனை சதவீத அணுக்களில் கிருமி உள்ளது, நெறியில் பெருகும் நிலை தெரிகிறதா, ரத்தசோகை எவ்வளவு, அறிகுறி பொருந்துகிறதா என்று நான்கையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார். உங்கள் நோட்டு அங்கே உதவும்.

கால்நடைப் பராமரிப்புத் துறையின் நோய் புலனாய்வுப் பிரிவுகள், கால்நடை மருத்துவக் கல்லூரிகள், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையங்கள் ஆகியவற்றை உங்கள் பகுதி மருத்துவர் மூலம் அணுகலாம். மாடு நகர முடியாத நிலையில் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

உண்ணி இல்லாத காய்ச்சல்கள்

உடம்பில் உண்ணி இருக்கிறது என்பதற்காகக் காய்ச்சலுக்கும் அதுவே காரணம் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

விட்டு விட்டு வரும் காய்ச்சலில் முதலில் சந்தேகிக்க வேண்டியது சர்ரா. டிரிப்பனோசோமா என்ற கிருமியைக் குதிரை ஈ போன்ற பெரிய கடி ஈக்கள் பரப்புகின்றன. கிரிபித் எவான்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் கால்நடை மருத்துவர் 1880-ல் அன்றைய இந்தியாவின் தேரா இஸ்மாயில் கானில் குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் இதைக் கண்டார். கிருமி மேலுறையை மாற்றி மாற்றிப் பெருகுவதால் காய்ச்சலும் அலை அலையாக வரும். மாடு மெலியும், கண் வெளிறும்; சில மாடுகள் வட்டமாகச் சுற்றும். மழைக்காலத்துக்குப் பின் ஈ பெருகும்போது இதை மனதில் வையுங்கள். அதே ரத்தத் தகட்டில் இதையும் பார்க்கச் சொல்லலாம்.

மூன்று நாள் காய்ச்சல் திடீரென்று வந்து, நொண்டலோடு மாட்டைப் படுக்கவைத்து, பெரும்பாலும் தானே இறங்கும். அது ஒரு வைரஸ். கொசு போன்ற சிறு பூச்சிகளால் பரவுகிறது. தெருவில் பல மாடுகளுக்கு ஒரே வாரத்தில் வந்தால் அதை நினையுங்கள். மடிநோய், கன்று ஈன்றபின் கருப்பையில் சீழ், தீவனத்தோடு விழுங்கிய கம்பி வயிற்றைக் குத்துதல் ஆகியவையும் காய்ச்சலைத் திரும்பத் திரும்பக் கொண்டுவரும். பாலைக் கறுப்புத் துணியில் கறந்து திரி இருக்கிறதா என்று பார்ப்பதும், கருப்பைக் கழிவின் வாடையைக் கவனிப்பதும் உங்களால் முடிந்த வேலை.

எடையை அளந்து மருந்து

காரணம் தெரிந்த பிறகு மருந்தின் அளவு சரியாக இருக்க வேண்டும். எடை மேடை இல்லாவிட்டாலும் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளங்கள். தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனைவரை நீளத்தை அளங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 66 அங்குலம், நீளம் 58 அங்குலம் என்றால் எடை சுமார் 383 கிலோ. இந்த எண்ணை நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரத்தசோகை கடுமையாக இருக்கும் மாட்டை ஓட்டாதீர்கள், வெயிலில் நிறுத்தாதீர்கள். சிறு அலைச்சலே அதைச் சாய்த்துவிடும். மருந்து போட்ட நாளிலிருந்து எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது மருந்துக்கு மருந்து மாறும். ஒவ்வொரு மாட்டுக்கும் புதிய ஊசி என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தைலேரியாவுக்குக் கலப்பினக் கன்றுகளில் போடும் தடுப்பூசி நம் நாட்டில் உண்டு. உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியால் ஆனது. திரவ நைட்ரஜனில் வைத்துக் காக்க வேண்டியது. ஊரில் பலர் சேர்ந்து கேட்டால் கொண்டுவருவது எளிதாகும். எந்த வயதில், எந்த மாட்டுக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

போர் நடக்க வேண்டிய இடம் கொட்டகை

நீங்கள் மாட்டின் மேல் பார்க்கும் உண்ணி மொத்தத்தில் ஒரு பகுதிதான். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் இடுக்கிலும் மண்ணிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஹயலோமா உண்ணிக்கு மண்சுவர் வெடிப்பும், கல் இடுக்கும், தொட்டியின் அடியும் வீடு. ஆகவே வெடிப்புகளைச் சிமெண்ட் அல்லது களிமண்ணால் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள். சாணக் குவியலைக் கொட்டகையை ஒட்டிப் போடாதீர்கள். சுற்றியுள்ள புதரை வெட்டுங்கள். கோழி இருந்தால் பகலில் கொட்டகையில் உலவ விடுங்கள், உண்ணியைப் பொறுக்கும்.

தைலேரியா கிருமி உண்ணியின் உமிழ்நீரில் முதிர்ந்து மாட்டுக்குள் போக, உண்ணி ஒட்டியபின் இரண்டு மூன்று நாள் ஆகும். தினமும் மாட்டைத் தடவிப் பார்த்து உண்ணியை எடுப்பது வீண் வேலையல்ல என்பதற்கு இதுவே காரணம். எடுத்த உண்ணியைக் கையால் நசுக்காமல், சோப்புத் தண்ணீரிலோ மண்ணெண்ணெயிலோ போடுங்கள்.

மைக்ரோபிளஸ் உண்ணி குஞ்சாக ஏறியதிலிருந்து முழு வளர்ச்சி அடைந்து விழும்வரை சுமார் மூன்று வாரம் ஒரே மாட்டில் இருக்கும். அதனால் ஒருமுறை மருந்து அடித்துவிட்டு நிறுத்தினால் பயன் நிலைக்காது. மருத்துவர் சொல்லும் இடைவெளியில், எல்லா மாட்டுக்கும், கொட்டகைக்கும் ஒரே சமயத்தில் செய்ய வேண்டும். மருந்தைப் புட்டியில் உள்ள அளவுப்படிதான் கலக்க வேண்டும்.

பயிர்த்துறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பருத்திக்கும் கத்தரிக்கும் அடிக்கும் பூச்சிமருந்தை மாட்டின் மேல் தெளிக்காதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் வீரியமும் கரைப்பானும் வேறு; மாட்டுக்கும் உங்களுக்கும் நஞ்சு ஏறும், பாலிலும் கலக்கும். வயலில் அடித்த கைத்தெளிப்பானையும் கொட்டகைக்குக் கொண்டுவராதீர்கள். ஒரே மருந்தைக் குறைந்த அளவில் திரும்பத் திரும்ப அடித்தால் காய்ப்புழு எப்படிப் பழகிப்போனதோ, உண்ணியும் அப்படியே பழகும். டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளுக்கு எதிர்ப்புப் பெற்ற மாட்டு உண்ணிகள் இந்தியாவில் பல இடங்களில் ஏற்கெனவே பதிவாகியுள்ளன.

பூண்டு, வேப்பிலை, வேப்பங்கொட்டை, வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை ஆகியவற்றை அரைத்து வடிகட்டி மாட்டின் மேல் பூசும் முறையும் பால் உற்பத்தியாளர்களிடம் வழக்கத்தில் உள்ளது. உண்ணியைக் குறைக்க அது துணை செய்யும். ரத்தத்தில் புகுந்துவிட்ட கிருமிக்கு அது மருந்தாகாது.

புதிய மாடு வாங்கினால் உண்ணி நீக்கி, மூன்று நான்கு வாரம் தனியே கட்டி, தினமும் வெப்பம் பாருங்கள். மேலே சொன்ன நாள் கணக்கு அதற்குத்தான்.

உங்கள் காய்ச்சலையும் கவனியுங்கள்

மாட்டின் தைலேரியாவும் அனபிளாஸ்மாவும் மனிதருக்குத் தொற்றும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் உண்ணி மனிதருக்கும் வேறு நோய்களைக் கொண்டுவரும். 1957-ல் கர்நாடகத்தின் சிமோகா பகுதியில் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட காய்ச்சல், குரங்குகளையும் காட்டோர மக்களையும் தாக்குகிறது. பிறகு வயநாடு வரை பரவியது. இதில் சிலருக்குக் காய்ச்சல் விட்டு, ஒன்றிரண்டு வாரம் கழித்து இரண்டாம் முறை தலைவலி, நடுக்கம், மயக்கத்தோடு வரும். 2011-ல் குஜராத்தில் உறுதிசெய்யப்பட்ட கிரிமியன் காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சலுக்கு ஹயலோமா உண்ணி காரணம். நம் ஊர்களில் அடிக்கடி காணப்படும் ஸ்க்ரப் டைபஸை உண்ணிக் காய்ச்சல் என்றே அழைக்கிறோம். உண்மையில் அதைப் பரப்புவது புதரில் வாழும் மிகச் சிறிய பேன் போன்ற பூச்சி. கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு இருக்கும். இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு போன்ற மறைவிடங்களில் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆகவே ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சலோ, விட்டு வந்த காய்ச்சலோ உங்களுக்கு இருந்தால், மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள். அரசு மருத்துவமனையில், "நான் மாடு வளர்க்கிறேன், புதரில் புல் அறுக்கிறேன், உண்ணி கடித்தது" என்று நீங்களாகவே சொல்லுங்கள். மருத்துவர் எந்தச் சோதனைக்கு எழுதுவது என்று தீர்மானிக்க அந்த ஒரு வாக்கியம் உதவும்.

இந்த வாரம் ஒரு நோட்டை எடுத்துக் கொட்டகைத் தூணில் கட்டுங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நலமாக இருக்கும் நாளிலேயே அதன் காலை வெப்பத்தையும் எடையையும் எழுதிவையுங்கள். காய்ச்சல் வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் வேண்டும். அடுத்த முறை ஊசியை எடுக்கும்போது, "ரத்தம் எடுத்துவிட்டுப் போடலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் எவரும் அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.